டாமினோ காய்களில் புள்ளிகள் எதற்கு?

“வரிசையாக நிறுத்தித் தட்டிவிடத்தானே டாமினோ? அதில் புள்ளிகள் எதற்கு?” என்று கேட்டிருக்கிறீர்கள். காய்களைச் சாய்க்கும் வீடியோக்களை மட்டும் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். புள்ளிகள் இல்லாமல் டாமினோவே இல்லை. அது கணக்குப் போட்டு ஆடும் ஆட்டம்.

சாதாரண செட்டில் 28 காய்கள். ஒவ்வொரு காயிலும் இரண்டு பாதிகள், ஒவ்வொரு பாதியிலும் வெற்றிடம் முதல் 6 புள்ளி வரை. ஒரே ஜோடி இரண்டு முறை வராது. ஒவ்வோர் எண்ணும் ஏழு காய்களில் இருக்கும். அதில் ஒன்று இரு பாதியிலும் அதே எண் உள்ள இரட்டைக் காய் என்பதால் மொத்தம் எட்டுப் பாதிகள். எல்லாப் புள்ளிகளையும் கூட்டினால் 168. இந்த 7, 8, 168 மூன்றும் மனத்தில் நின்றால்தான் ஆட்டம் பிடிபடும்.

நால்வர் ஆடினால் காய்களைக் குப்புறக் கவிழ்த்துக் கலைத்து ஆளுக்கு ஏழு எடுக்க வேண்டும். எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். வரிசையின் ஏதாவது ஒரு முனையோடு எண் பொருந்தும் காயை வைக்கலாம், இல்லையென்றால் பாஸ். அந்த பாஸைக் கவனியுங்கள். முனைகளில் 3, 5 இருக்கும்போது ஒருவர் பாஸ் சொன்னால் அவர் கையில் அந்த இரண்டு எண்ணுமே இல்லை. இனி வரப்போவதும் இல்லை. அவர் எதிரணி என்றால் அதே எண்களை மறுபடி மறுபடி முனைக்குக் கொண்டுவாருங்கள். கூட்டாளி என்றால் அந்த முனைகளில் வேறு எண் வரும்படி காய் வைத்து உடனே மூடுங்கள். இரட்டைக் காய்களைச் சீக்கிரம் இறக்கிவிட வேண்டும். மற்ற காய்கள் இரண்டு எண்களுக்குப் பொருந்தும், இரட்டைக்கு ஒரே வழிதான். 6-6 கையில் தங்கினால் 12 புள்ளி பாரம்.

யாருமே காய் வைக்க முடியாதபடி பூட்டுவதுதான் எனக்கு இந்த ஆட்டத்தில் மிகப் பிடித்த இடம். ஐந்து உள்ள காய்களில் ஆறு இறங்கிவிட்டன, கடைசியான 5-2 உங்கள் கையில் என்று வையுங்கள். இறங்கிய ஐந்துகள் ஏழு பாதிகள், ஒற்றைப்படை. வரிசைக்குள் ஐந்தோடு ஐந்து ஜோடியாகத்தான் சேரும். ஆகவே ஒரு முனையில் 5 நிச்சயம் திறந்திருக்கும். மறுமுனை 2 என்றால் அங்கே உங்கள் காயை வையுங்கள். இரு முனையும் 5, வேறு ஐந்தே கிடையாது, ஆட்டம் பூட்டிவிட்டது. இப்போது குறைந்த புள்ளி வைத்திருப்பவருக்கு வெற்றி. அதனால் பூட்டும் முன் கூட்டிப் பாருங்கள்: பலகையில் 120, பூட்டிய பின் உங்கள் கையில் மிஞ்சுவது 6 என்றால் மற்ற மூவரிடமும் சேர்த்து 42. சராசரி 14, துணிந்து பூட்டலாம். அந்தக் கூட்டலில் 5-2-இன் ஏழு புள்ளியையும் பலகையோடு சேர்க்க மறக்காதீர்கள்.

“ஊருக்கு ஒரு விதி இருக்கிறதே” என்று யாராவது சொல்வார்கள். சரிதான். பூட்டிய பின் தனி ஆள் கணக்கா, கூட்டாளிகள் கணக்கா என்பதை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். கியூபாவின் ஹவானாவில் 9 வரை செல்லும் 55 காய் செட். ஆளுக்குப் பத்து, 15 காய்கள் வெளியே கிடக்கும். அங்கே எந்தக் காய் உறங்குகிறது என்று ஊகிப்பதே தனிக் கலை. சீனக் காய்கள் 32, அவற்றில் வெற்றுப் பாதியே கிடையாது.

சாய்ப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதற்கென்றே செய்யும் காய் ஏறத்தாழ 48×24×7.5 மில்லிமீட்டர். காய்களுக்கு நடுவே உயரத்தில் பாதிக்குக் குறைவாக இடைவெளி விடுங்கள். அதிகமானால் அடுத்த காயின் அடியில் போய் இடிக்கும், அது சாயாமல் சறுக்கும். வளைவில் திருப்பம் கூர்மையானாலும் நின்றுவிடும். இடையிடையே சில காய்களை எடுத்து வெற்றிடம் விட்டு, கடைசியில் நிரப்புங்கள். 2005-இல் நெதர்லாந்தின் லேவார்டனில் ஒரு குருவி உள்ளே புகுந்து சுமார் 23,000 காய்களைச் சாய்த்தது. மீதி லட்சக்கணக்கான காய்களைக் காப்பாற்றியது அந்த வெற்றிடங்கள்தான்.

ஒரு மனக்குறையும் உண்டு. 1954-இல் அமெரிக்க அதிபர் ஐசனோவர் இந்தோசீனாவைப் பற்றிப் பேசும்போது, ஒரு நாடு கம்யூனிஸ்டுகளிடம் விழுந்தால் அடுத்தடுத்த நாடுகளும் விழும் என்பதற்கு இந்தச் சாயும் காய்களை உவமை சொன்னார். அன்றிலிருந்து அரசியல் கட்டுரைகளில் டாமினோ என்றாலே தவிர்க்க முடியாத வீழ்ச்சி. 1975-இல் வியட்நாம், லாவோஸ், கம்போடியா மூன்றும் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போயின. தாய்லாந்தும் மலேசியாவும் போகவில்லை. நாடுகள் ஒரே அளவில், சம இடைவெளியில் நிற்பவை அல்ல. ஒவ்வொரு காயையும் யோசித்து வைக்கும் ஆட்டத்தின் பெயர் இதற்குப் பயன்படுவது எனக்கு வருத்தம்தான்.

செட் வாங்கினால் ஆடும் முன் ஒவ்வோர் எண்ணும் எட்டு முறை வருகிறதா என்று சரிபாருங்கள். ஒரு காய் தொலைந்திருந்தாலும் மேலே சொன்ன கணக்கு எதுவும் நிற்காது.