காந்தி மண்டபத்து வெயில் முதல் நிலவிளக்கு எண்ணெய் வரை: கேட்டதும் சொன்னதும்

வானம், மணல், வழிபாட்டு வழக்கம், நாளைய தொழில்நுட்பம் என்று குமரி மாவட்டம் முழுவதிலிருந்தும் வந்த கேள்விகளில் சில இங்கே. நம்பலாமா வேண்டாமா என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அது அவரவர் பாடு. எப்படி நடக்கிறது என்று கேட்டவர்களுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன்.

கன்னியாகுமரியிலிருந்து: அண்ணாச்சி, காந்தி மண்டபத்துல அஸ்தி வெச்ச இடத்துல அக்டோபர் 2 மத்தியானம் மட்டும்தான் வெயில் விழுமா? மத்த நாள் விழாதா?

விழும். மார்ச் 11-ஐ ஒட்டி இன்னொரு தடவை விழும். அன்றைக்கு விழா இல்லாததால் கூட்டம் இல்லை, அவ்வளவுதான்.

கணக்கு இதுதான். கன்னியாகுமரி நிலநடுக்கோட்டுக்கு 8 டிகிரி வடக்கே இருக்கிறது. அக்டோபர் 2 அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்கு மூன்றரை டிகிரி தெற்கே நிற்கும். ஆக, உச்சிப்பொழுதில் அது நம் தலைக்கு நேர் மேலே இல்லாமல் பதினொன்றரை டிகிரி தெற்கே சாய்ந்திருக்கும். கூரைத் துளையும் கீழே உள்ள பீடமும் அந்தச் சாய்வில் அமைந்துவிட்டால் போதும். செப்டம்பர் 23-க்கு 9 நாள் பின்னால் வரும் அதே சாய்வு, மார்ச் 20-க்கு 9 நாள் முன்னாலும் வரும்.

நேரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது. குமரி இருப்பது 77.5-இல். டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் 20 நிமிடம் பிந்துகிறோம். அக்டோபர் தொடக்கத்தில் சூரியன் பத்தரை நிமிடம் முந்தி ஓடும். இரண்டையும் கழித்தால் உச்சிப்பொழுது 12:09. மார்ச் 11-இல் சூரியன் 10 நிமிடம் பிந்துவதால் 12:30.

‘அந்த ஒரே நாள்’ என்பதும் அத்தனை கறார் இல்லை. 10 மீட்டர் உயரத்துத் துளை என்று வைத்துக்கொண்டால், வெயில் வட்டம் நாளுக்கு 7 செ.மீ. நகரும், வட்டத்தின் அகலமே 9 செ.மீ.க்குக் குறையாது. முந்தின நாளும் மறுநாளும் போனாலும் ஓரம் தட்டும். தகர ஷெட்டில் ஆணி பிடுங்கிய துளை இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம்: வாரம் ஒரு நாள், சரியாக 12:20-க்கு, தரையில் விழும் வட்டத்தின் நடுவில் பெயிண்ட் பொட்டு வையுங்கள். ஒரு வருடத்தில் பொட்டுகள் சேர்ந்து ஒல்லியான எட்டு வடிவம் வரும். தகரம் காற்றில் ஆடினால் கணக்கு போச்சு.

மார்த்தாண்டத்திலிருந்து: சூரியன் மறையறதையும் நிலா உதிக்கறதையும் ஒண்ணா பார்க்க, சித்ரா பௌர்ணமிக்கு ரெண்டு வருசம் குமரிக் கரையில வந்து நின்னேன். சூரியன் போனது தெரிஞ்சுது, நிலா வரவே இல்ல. என்ன தப்பு?

நாள் தப்பு. பஞ்சாங்கத்தில் பௌர்ணமி திதி எப்போது முடிகிறது என்று பாருங்கள். சூரியனும் நிலவும் நேரெதிரே நிற்கும் கணம் அதுதான். நிலவு நாளுக்குச் சராசரி 50 நிமிடம் பிந்தி உதிக்கும், 12 மணி நேரத்துக்கு 25 நிமிடம். திதி மாலை ஆறரைக்கு முடிந்தால் மறைவும் உதயமும் ஏறக்குறைய ஒன்றாக நடக்கும். அன்று காலையிலேயே முடிந்துவிட்டால் சூரியன் போய் 25 நிமிடம் கழித்துத்தான் நிலவு வரும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வழியில்லை. மறுநாள் காலை முடிவதாக இருந்தால் சூரியன் மறையுமுன்பே நிலவு 6 டிகிரி ஏறி நிற்கும். அந்த மாலைதான் வேண்டியது.

சரியான நாளிலும் கண் ஏமாற்றும். கடலோரப் புழுதியும் ஈரமும் கலந்த வானத்தில், இப்போதுதான் எழுந்த நிலவு வெளுத்த துணிபோல இருக்கும். மூன்று நான்கு டிகிரி ஏறினால்தான் தெரியும். கிழக்குத் திசையில் பைனாகுலர் உதவும். அதைச் சூரியன் பக்கம் மட்டும் திருப்பாதீர்கள், கண் போய்விடும்.

இன்னொன்று. சித்திரையில் சூரியன் நேர் மேற்கில் இறங்காது, 10 முதல் 18 டிகிரி வடக்கே தள்ளித்தான் இறங்கும். நம் கரையும் முட்டம் பக்கமாக அப்படியே வடமேற்கே வளைகிறது. கடலுக்குள் முழுகும் சூரியனை எதிர்பார்த்து வந்தவர் தென்னந்தோப்புக்குப் பின்னால் போவதைத்தான் பார்ப்பார். என்னைக் கேட்டால் மாசிப் பௌர்ணமிதான் மேல். சூரியன் மேற்கிலிருந்து தெற்கே தள்ளி, திறந்த கடலில் இறங்கும். ஆனி, ஆடியும் ஐப்பசி, கார்த்திகையும் மேகத்துக்குப் பிறந்த மாதங்கள். அப்போது பஸ் காசு வீண்.

தக்கலையிலிருந்து: வீட்டில் தொழுகைக்குக் கிப்லா திசை குறிக்கணும். ஒவ்வொரு போனும் ஒவ்வொரு திசை காட்டுது பாய்.

போனில் இருக்கும் காந்தமானியைக் கான்கிரீட் கம்பி, பைக், போன் உறையில் வரும் காந்தம் எல்லாமே கெடுக்கும். நம் மாவட்டத்துக்குக் கிப்லா, அதாவது மக்காவின் திசை, மேற்கிலிருந்து ஏறத்தாழ 24 டிகிரி வடக்கே. அதைக் குறிக்கத் தூக்குக்குண்டு போதும்.

மே 27, 28 தேதிகளில் நம் நேரம் பிற்பகல் 2:48-க்கும், ஜூலை 15, 16-இல் 2:57-க்கும் சூரியன் மக்காவுக்கு நேர் மேலே நிற்கும். அந்த நேரத்தில் சூரியன் இருக்கும் திசையே கிப்லா. கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி, முற்றத்தில் ஆடாமல் தொங்கவிடுங்கள். காற்றடித்தால் குண்டைத் தண்ணீர் வாளிக்குள் முழுகவிட்டால் நின்றுவிடும். கடிகாரத்தை வினாடி வரை சரிசெய்து, அந்த நிமிடத்தில் நூலின் நிழல்மேல் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். கோட்டில் சூரியன் பக்கம் போகும் முனை கிப்லா. ஒரு மீட்டர் நூலுக்கு 80 செ.மீ. நிழல் கிடைக்கும், வசதியான நீளம். இரண்டு மாதமும் நமக்கு மழைக்காலம் என்பதுதான் சங்கடம். ஒரு நாள் முன்பின் ஆனால் பிழை கால் டிகிரி அளவுதான், அதனால் மேகம் விலகும் நாளில் போட்டுக்கொள்ளலாம்.

குளச்சலிலிருந்து: நாளைக்கு மனுசன் நிலாவுல குடியேறினா அமாவாசை, நோன்பு, பூசை எல்லாம் என்ன கணக்கு?

முன்மாதிரி கொஞ்சம் இருக்கிறது. 1969 ஜூலை 20 அன்று நிலவில் இறங்கிய கலத்துக்குள்ளேயே பஸ் ஆல்ட்ரின் நற்கருணை எடுத்துக்கொண்டார். 2007-இல் மலேசிய வீரர் விண்வெளி நிலையத்துக்குப் போனபோது அந்த நாட்டு மார்க்க அறிஞர்கள் வழிகாட்டி எழுதினார்கள்: தொழுகை நேரம் ராக்கெட் கிளம்பிய ஊரின் கணக்குப்படி, திசை, முடிந்தால் கஅபா, இல்லையேல் பூமிப் பக்கம், அதுவும் இல்லையேல் எந்தப் பக்கமும். நாளுக்கு 16 சூரிய உதயம் வரும் இடத்தில் வேறு வழி?

நிலவில் ஒரு பகலும் இரவும் சேர்ந்து இருபத்தொன்பதரை நாள். பூமி அங்கே உதிக்காது, மறையாது. வானத்தில் ஒரே இடத்தில் தொங்கும். நமக்கு அமாவாசை என்றால் அங்கிருப்பவருக்குப் ‘பூமிப் பௌர்ணமி’. திதி என்பது சூரியனுக்கும் நிலவுக்கும் இடையிலான கோணம்தான், 12 டிகிரிக்கு ஒரு திதி. ஆகவே பஞ்சாங்கம் தப்பிக்கும், சூரியோதயத்தை வைத்து நாள் பிரிக்கும் வழக்கம்தான் தப்பிக்காது. என் ஊகம்: பூமியில் ஏதாவது ஓர் ஊர்க் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். விளக்கு ஏற்றுவதும் சந்தேகம். சுவாசிக்கும் ஆக்சிஜனைத் திரிக்குக் கொடுக்க யாருக்கு மனசு வரும்?

மணவாளக்குறிச்சியிலிருந்து: அம்மன் கல்யாணச் சாப்பாட்டு அரிசிதான் மணலாச்சுன்னு ஒரு பக்கம், தோரியம்னு இன்னொரு பக்கம். எங்க மணல்ல கரண்ட் எடுக்க ஏன் இவ்வளவு வருசம்?

கதையைக் கட்டியவருக்கு நல்ல கண். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், வெள்ளை குவார்ட்ஸ், தேன் நிறத்தில் மோனசைட். குவார்ட்ஸ் தண்ணீரைவிட 2.65 மடங்கு கனம், கார்னெட் சுமார் 4, இல்மனைட் 4.7, மோனசைட் 5. அலை ஏறி இறங்கும்போது லேசானதை இழுத்துக்கொண்டு போய்விடும், கனமானது வரிவரியாகத் தங்கும். முறத்தில் புடைக்கிற வேலையைக் கடல் செய்கிறது.

பிள்ளைகளுக்குக் காட்ட: ஒரு கைப்பிடி மணலை நன்றாகக் காயவைத்துக் காகிதத்தில் ஒரு பருக்கை கனத்துக்குப் பரப்புங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் கிடைக்கும் காந்தத்தைப் பாலிதீன் உறையில் போட்டு மேலே நகர்த்துங்கள். கறுப்பு தாவி ஒட்டும், சிவப்பு அரைமனதாக வரும், வெள்ளை அசையாது. உறையைக் கழற்றினால் ஒட்டியது உதிரும். உறை இல்லாமல் செய்தால் காந்தத்தைச் சுத்தம் செய்யவே ஒரு நாள் ஆகும். ஈர மணலில் எதுவும் நடக்காது. முடிந்ததும் மணலைக் கரையிலேயே கொட்டிவிடுங்கள், மூட்டை கட்டினால் சட்டம் வரும்.

இனி கரண்ட். மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு 8 முதல் 10 சதம். ஆனால் அணு உலைக்குத் தோரியம் ஈர விறகு மாதிரி, தானாகப் பற்றாது. வேறோர் உலையில் நியூட்ரான் அடிவாங்கி, புரோடாக்டினியம் ஆகி, அது பாதியாகக் குறையவே 27 நாள் காத்திருந்து, பிறகுதான் பற்றக்கூடிய யுரேனியம்-233 கிடைக்கும். அந்த முதல் நெருப்புக்கு யுரேனியமோ புளூட்டோனியமோ வேண்டும். கூடவே யுரேனியம்-232 கொஞ்சம் கலந்து வரும். அதன் வழித்தோன்றல்கள் கடுமையான காமாக் கதிர் விடுவதால் தடித்த சுவருக்கு அப்பால் நின்று இயந்திரக் கையால்தான் எல்லாம் செய்ய வேண்டும். கல்பாக்கத்தில் காமினி என்ற சிறு உலை 1996 முதல் யுரேனியம்-233-இல் ஓடியிருக்கிறது, வெப்பத் திறன் 30 கிலோவாட். ஆராய்ச்சிக்குப் போதும், ஊருக்குப் போதாது.

சுசீந்திரத்திலிருந்து: இசைத்தூண் உள்ளே பொள்ளலா சார்?

ஒலிக்கப் பொள்ளலாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு முனையும் பிடித்த ஒல்லிக் கல் வளைந்து அதிர்ந்தாலே சுரம் வரும். தடிமன் பாதியானால் சுருதி பாதி. நீளம் பத்தில் ஒன்று குறைந்தால் சுருதி ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு ஏறும். காசால் தட்டிப் பார்க்காதீர்கள். விளிம்பு தெறித்தால் சுருதி திரும்ப வராது.

நாகர்கோவிலிலிருந்து: எங்க பித்தளை நிலவிளக்குல எண்ணெய் தட்டுக்கு வெளியே தானா சொட்டுது. ஓட்டையும் இல்ல அண்ணே.

திரிதான் திருடன். திரியின் முனை விளிம்பைத் தாண்டி வெளியே, எண்ணெய் மட்டத்துக்குக் கீழே தொங்கினால், பஞ்சு எண்ணெயை மேலே இழுத்து அந்தப் பக்கம் இறக்கிவிடும். விளக்கு அணைந்த பிறகும் இரவெல்லாம் சொட்டுவது இதனால்தான். முனை விளிம்புக்கு மேலே நிமிர்ந்து, அரை செ.மீ.க்கு மேல் நீட்டாமல் இருக்கட்டும். நீளம் கூடினால் புகையும் கரியும் வரும். அணைத்ததும் திரியை உள்ளே தள்ளிவிடுங்கள். தண்டின் அடியில் ஈரம் தெரிந்தால் மட்டும் மரை இணைப்பைச் சந்தேகப்படுங்கள். திரி சடசட என்றால் எண்ணெயில் தண்ணீர் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறையும். மார்கழி விடியலில் திரி பட்டினி கிடந்தால் கொஞ்சம் நல்லெண்ணெய் கலந்துகொள்ளுங்கள்.

திருவட்டாறிலிருந்து: கேரளத்துல இயந்திர யானை வந்துட்டு. நம்ம கோயில்களுக்கும் வருமா?

திருச்சூர் மாவட்டத்து இரிஞ்ஞாடப்பிள்ளி கோயிலுக்கு 2023 பிப்ரவரியில் பீட்டா கொடுத்தது: சுமார் 11 அடி, 800 கிலோ, இரும்புச் சட்டத்துக்கு மேல் ரப்பர்த் தோல். தலை, காது, வால் மின்சாரத்தில் அசையும். மதம் பிடிக்காது, வெயிலில் கால் வேகாது. இங்கே வந்தால் கடற்காற்று உப்புதான் எதிரி; மூட்டுக்கு மூட்டு கிரீஸ் வைக்க ஒரு பாகன் வேண்டியிருக்கும்.

இதற்கு அண்ணன் ஏற்கெனவே பல கோயில்களில் நிற்கிறான், மின்சார முரசு. நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டாரைக் கப்பி வைத்து 80 சுற்றாகக் குறைக்க 18 மடங்கு இறக்கம் வேண்டும். அதை இரண்டு கட்டமாகப் பிரித்திருப்பார்கள். தாளம் தடுமாறினால் முதலில் பெல்ட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், தளர்ந்திருந்தால் வழுக்கும். மோட்டார் முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர். மாற்றுமுன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கெப்பாசிட்டரில் தங்கிய மின்சாரத்தை ஒரு பல்பு வழியாக இறக்கிவிட்டே கை வையுங்கள். மழைக்காலத்தில் தோல் தொய்ந்து சத்தம் செத்துப்போனால் அது கோளாறு இல்லை. முரசுக்குப் பக்கத்தில் ஒரு 60 வாட் குண்டு பல்பை எரியவிட்டால் போதும்.