கல்லுக்குள் ஒரு மரம்

கேள்வி: உத்தரப் பிரதேசத்தில் பாந்தா அருகே கென் ஆற்றங்கரையில் பொறுக்கிய கூழாங்கல்லில் கறுப்பாகச் செடி போல் தெரிகிறது. உள்ளே தாவரம் இருக்கிறதா? மோதிரக்கல் ஆக்கலாமா? - வாசகி, போபால்

பதில்: தாவரம் இல்லை. மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகள் அகேட் என்ற குவார்ட்ஸ் வகைக் கல்லுக்குள் கிளை கிளையாகப் படிந்ததுதான் அந்தச் செடி. அங்கே இதை ஷஜர் கல் என்பார்கள். 2023-இல் பாந்தாவின் இந்தக் கைவினைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

அடுத்த முறை ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோங்கள். காய்ந்த கல் எதையும் காட்டாது. நனைத்து, மெல்லிய விளிம்பை வெயிலுக்கு எதிரே பிடித்தால் கிளைகள் தெரியும். கத்தியால் கீறியும் பாருங்கள், அகேட்டில் கோடு விழாது. சுண்ணாம்புக்கல் என்றால் விழும். அதில் இந்தக் கோலம் பெரும்பாலும் மேலோடு நின்றுவிடும், தேய்த்தால் போய்விடும்.

மோதிரக்கல் தாராளமாக ஆக்கலாம். ஆனால் அவசரப்பட்டு அறுக்காதீர்கள். கிளைகள் பெரும்பாலும் ஒரே தளத்தில் விரிந்திருக்கும். அதற்கு இணையாக அறுத்தால்தான் மரம். குறுக்கே அறுத்தால் வெறும் புள்ளிகள். கொஞ்சம் தடிமனாகவே அறுத்து, அடிக்கடி துடைத்துப் பார்த்துக்கொண்டே தேய்த்து, கிளைக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். வைரம் போலப் பட்டை தீட்ட வேண்டாம், மேல்பக்கம் வழவழப்பான மேடாக இருந்தால் போதும்.

அப்புறம், தண்ணீர் ஊற்றாமல் ஒருபோதும் அறுக்காதீர்கள், தேய்க்காதீர்கள். குஜராத்தின் கம்பாத்தில் அகேட் தூசியைச் சுவாசித்தே எத்தனையோ தொழிலாளர்கள் சிலிக்கோசிஸ் நோய்க்கு நுரையீரலைப் பறிகொடுத்திருக்கிறார்கள். முகக்கவசமும் கட்டாயம்.