நாலு தடவை இரத்தம் எடுத்தது ஏன், டொக்டர்?

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. கட்டாரில் குழாய் வெல்டிங் செய்யும் இடத்தில் ஹெல்பர். நாலு மாதத்துக்கு முன் ஒரு ராத்திரி, வெல்டிங் சரியா என்று படம் பிடிக்க வந்தவர்களின் கதிர்வீச்சுப் பெட்டியில் ஏதோ கோளாறாகி அலாரம் அடித்ததாம். எல்லாரையும் ஓடச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு இவனையும் வேறு மூன்று பேரையும் கொண்டுபோய், இரண்டு நாளில் நாலு தடவை இரத்தம் எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது லீவில் வந்திருக்கிறான். போன கிழமை காய்ச்சல். டவுனில் எஃப்.பி.சி. (இரத்தக் கலங்களை எண்ணும் டெஸ்ட்) எடுத்தோம், லிம்போசைட் 900 என்று குறைவாக வந்திருக்கிறது. "அன்றைக்குப் பட்டது இப்பதான் வேலையைக் காட்டுது" என்கிறார் வீட்டுக்காரர். எனக்குச் சோறு இறங்கவில்லை. மகள் தன் கைப்பிள்ளையை அவனிடம் கொடுக்கவும் பயப்படுகிறாள். எல்லா ரிப்போர்ட்டையும் அனுப்பியிருக்கிறேன்.
- ஒரு தாய், தலவாக்கலை

பதில்: அம்மா, முதலில் சாப்பிடுங்கள். பிள்ளையையும் மாமன் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் மகன் பட்டிருந்தால் அது மூடிய உலோகக் குப்பிக்குள் இருந்த பொருளின் கதிர். எக்ஸ்ரே எடுத்துவிட்டு வருகிறவரின் உடம்பில் எக்ஸ்ரே தங்குவதில்லை. அதுபோலத்தான் இதுவும். அவன் யாருக்கும் எதையும் ஒட்டவைக்க மாட்டான்.

நீங்கள் அனுப்பிய ஐந்து தாள்களில் உங்களைக் கலக்கியது கடைசித் தாள். நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தது முதல் நாலையும்தான். அதிலும் லிம்போசைட் எண்ணிக்கைக்கு முன்னால் மூலையில் அச்சாகியிருந்த நேரத்தைத் தேடினேன். இரண்டாவது படத்தில் யாரோ பெருவிரலை அந்த இடத்திலேயே வைத்திருக்கிறார்கள், நல்ல வேளையாக நிமிடம் மட்டும்தான் மறைந்தது. இந்த டெஸ்டில் எவ்வளவு என்பது பாதி விஷயம். எத்தனை மணிக்கு என்பது மற்றப் பாதி.

இரத்தத்தில் இருக்கும் கலங்களில் கதிர்வீச்சுக்கு முதலில் விழுவது லிம்போசைட், பள்ளிக்கூடப் புத்தகத்தில் நிணநீர்க்குழியம் என்று படித்திருப்பீர்கள். மற்ற வெண்குழியங்களும் பிளேட்லெட்டும் எலும்பு மச்சையில் இருக்கும் சேமிப்பை வைத்துச் சில நாள், சில கிழமை தாக்குப்பிடிக்கும். லிம்போசைட் அப்படியல்ல. பெரிய அளவு பட்டால் சில மணி நேரத்திலேயே சாகத் தொடங்கும். பட்ட அளவு கூடக்கூட அது இறங்கும் வேகமும் கூடும். அதனால்தான் விபத்து நடந்தால் முதல் இரண்டு நாளும் ஆறு மணிக்கொரு தடவை போலத் திரும்பத் திரும்ப எடுக்கிறோம். டெங்கு வார்டில் பிளேட்லெட் பார்க்க மறுபடி மறுபடி குத்துவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். ஒரு எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, இறங்கும் சரிவைத்தான் பார்க்க வேண்டும்.

48 மணி நேரம் ஆன பிறகும் லிம்போசைட் 1,500க்கு மேல் நின்றால், உயிரை உலுக்கும் அளவு படவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். 500க்குக் கீழே போனால் நிலைமை மிக மோசம். 100க்கும் கீழே என்றால் தப்புவது கடினம். முதல் 24 மணி நேரத்திலேயே பாதியாகக் குறைந்தாலும் ஆபத்துத்தான். உங்கள் மகனுக்கு மூன்றாவது மணி நேரத்தில் 2,300, பிறகு 2,100, 2,200. நாற்பத்தைந்தாவது மணி நேரத்தில் 2,000. இதைச் சரிவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். காலையில் எடுப்பதற்கும் மாலையில் எடுப்பதற்கும் இடையில்கூட இவ்வளவு வித்தியாசம் வரும்.

ஆனால் அவர்கள் சொன்ன "ஒன்றுமில்லை" என்ற சொல்லை நான் கொஞ்சம் திருத்தவேண்டும். எஃப்.பி.சி. சின்ன அளவைப் பிடிக்காது. ஏறக்குறைய ஒரு கிறே (உடம்பில் பட்ட கதிரை அளக்கும் அலகு) பட்டால்தான் இந்த எண்ணிக்கை தெளிவாக அசையும். வயிற்றுக்கு ஒரு சி.டி. ஸ்கேன் எடுக்கும்போது படுவது அதில் நூறில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். ஆகவே அந்த நாலு தாளும் சொல்வது, "பெரிதாக எதுவும் படவில்லை" என்பதை மட்டுமே. துளிகூடப் படவில்லை என்று அவை சொல்லவில்லை.

அப்படியானால் இந்த டெஸ்ட் எதற்கு? யாரை உடனே வார்டில் போட வேண்டும், யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று பிரிக்கத்தான். 1987இல் பிரேசிலில் கொயானியா என்ற நகரத்தில், கைவிடப்பட்ட ஒரு கிளினிக்கில் கிடந்த சிகிச்சை இயந்திரத்தின் சீசியம்-137 பழைய இரும்புக்காரர்கள் கைக்குப் போய்விட்டது. நீலமாக மினுங்கியதால் ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். செய்தி பரவியதும் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேர் வரை ஸ்டேடியத்தில் வரிசையில் நின்றார்கள். உண்மையில் கதிரியக்கப் பொருள் ஒட்டியிருந்தவர்கள் 249 பேர். நாலு பேர் இறந்தார்கள். அத்தனை பேரிடமும் இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தால் காப்பாற்ற வேண்டியவர் வரிசையிலேயே விழுந்திருப்பார். முதலில் கருவியால் உடம்பைப் பார்ப்பார்கள். வாந்தி வந்ததா, எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் பெரிய அளவாக இருக்கலாம். ஆனால் பயத்திலும் வாந்தி வரும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது திரும்ப எடுக்கும் இரத்தம்தான். இரண்டு கிறேக்கு மேல் பட்டிருக்கும் என்று தெரிந்தால், புற்றுநோய் வார்டில் வெண்குழியம் ஏற்றப் போடும் அதே பில்கிராஸ்டிம் ஊசியைச் சீக்கிரமே தொடங்குவார்கள்.

இதைவிட நுட்பமான டெஸ்ட் ஒன்றும் உண்டு. அதில் நிறமூர்த்தத்தை, அதாவது கலத்துக்குள் பரம்பரைத் தகவலைச் சுமக்கும் நூல் போன்ற குரோமோசோமை, பார்ப்பார்கள். சாதாரண நிறமூர்த்தத்துக்கு ஒரு இடுப்பு. கதிரில் உடைந்த இரண்டு துண்டுகள் தவறாக ஒட்டிக்கொண்டால் இரண்டு இடுப்போடு நிற்கும். சாதாரணமாக ஆயிரம் கலத்தில் ஒன்றோ இரண்டோதான் அப்படி இருக்கும். அதற்கு மேல் எத்தனை என்று எண்ணினால் 0.1 கிறே வரைக்கும்கூடக் கணக்குச் சொல்லலாம். கலத்தைப் பிரியத் தூண்டுவதற்குப் போடும் மருந்து எதிலிருந்து கிடைத்தது தெரியுமா? நம் தோட்டத்துப் போஞ்சியின் இனத்திலிருந்து, அதாவது சிவப்பு பீன்ஸ் விதையிலிருந்து. பிரியும்போது பாதியில் நிறுத்துவது கார்த்திகைக் கிழங்கில் இருக்கும் நஞ்சான கொல்கிசினுக்குச் சொந்தக்கார மருந்து. இப்படி 37 பாகையில் இரண்டு நாள் வளர்த்து, பிறகு நுணுக்குக்காட்டியில் ஒவ்வொன்றாக எண்ணவேண்டும். அவசரத்தில் 50 கலம் மட்டும் எண்ணி ஆளைப் பிரிப்பார்கள். சரியான அளவு வேண்டுமென்றால் 500, 1,000 என்று போகும். எல்லா ஆஸ்பத்திரியிலும் நடக்கிற வேலை இல்லை. நாலு மாதம் கழித்தும் இதில் அடையாளம் கிடைக்கும். என்றாலும் உங்கள் மகனின் நாலு தாளைப் பார்த்த பிறகு, இதற்காக அலையுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது அந்த 900. அன்றைக்குப் பட்டதாக இருந்தால் அன்றைக்கே இறங்கியிருக்கும். நாலு மாதம் நல்லபடி இருந்துவிட்டு இன்றைக்குப் புதிதாக இறங்காது. காய்ச்சல் வந்தாலே லிம்போசைட் குறையும், வைரஸ் காய்ச்சலில் சர்வசாதாரணம். ஸ்டெரொயிட் குளிசை போட்டாலும் குறையும். அந்தத் தாளில் நான் பார்த்தது பிளேட்லெட்டை, அது 1,60,000. கொஞ்சம் கவனம் தேவை, டெங்குவை மறக்கக்கூடாது. இன்னும் காய்ச்சல் இருந்தால் நாளைக்கே திரும்ப எஃப்.பி.சி. எடுங்கள். பரசிற்றமோல் தவிர வேறு வலி மருந்து வேண்டாம். வயிற்றுவலி, விடாத வாந்தி, முரசில் இரத்தம் என்றால் டிஸ்பென்சரியில் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சல் விட்டுவிட்டதென்றால் இரண்டு கிழமை கழித்து ஒருமுறை எடுத்துப் பார்த்தால் போதும்.

ஒரு விஷயம் மட்டும் நீங்கள் எழுதவில்லை, நான் கேட்டாக வேண்டும். 1999இல் பெரு நாட்டின் யனாங்கோவில், உங்கள் மேல் கொத்மலை போன்ற ஒரு நீர்மின் நிலையத்தில், வெல்டர் ஒருவர் கீழே கிடந்த சின்ன உலோகத் துண்டை எடுத்துக் காற்சட்டையின் பின்பையில் போட்டுக்கொண்டார். அது படம்பிடிக்கும் பெட்டியிலிருந்து விழுந்த இரிடியம்-192. கடைசியில் அவர் காலையே எடுக்கவேண்டியதாயிற்று. இரத்த எண்ணிக்கை உடம்பு முழுவதற்கும் சராசரி சொல்லும். ஓரிடத்தில் மட்டும் ஆழமாகப் பட்டதை அது மறைத்துவிடக்கூடும்.

ஆகவே தம்பியைத் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். அந்த ராத்திரி எதையாவது கையில் எடுத்தானா? பிறகு இரண்டு மூன்று கிழமைக்குள் விரலிலோ தொடையிலோ சூடுபட்டது போலச் சிவந்து கொப்புளம் போட்டதா? ஆம் என்றால் அந்த இடத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், அதே நாளில் ஆஸ்பத்திரியிலும் காட்டுங்கள். இல்லை என்றால், திரும்பிப் போனதும் கம்பெனியிடம் தன் பேட்ஜ் (பட்ட கதிரை அளக்க உடுப்பில் குத்தும் சின்னக் கருவி) ரீடிங்கைக் கேட்கட்டும். ஹெல்பர்மாருக்குப் பேட்ஜ் கொடுக்காமலே வேலை வாங்கும் இடங்கள் உண்டு. அப்படியானால் பேட்ஜ் தரும்வரை படம்பிடிக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் நிற்கவேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.