ரோட்சைடு: எல்லா இடத்திலும் ‘சாலையோரம்’ பொருந்துமா?

ஆங்கிலத்தில் ‘ரோட்சைடு’ (roadside) என்று எங்கே வந்தாலும் ‘சாலையோரம்’ என்றே மொழிபெயர்த்தால் சில இடங்களில் பொருள் தவறிவிடும். காப்பீட்டுத் தாளில் வரும் ‘ரோட்சைடு அசிஸ்டன்ஸ்’க்கு ‘சாலையோர உதவி’ வேண்டாம். ‘நடுவழிப் பழுது உதவி’ என்று எழுதுங்கள். வண்டி வழியில் நின்றுபோனால் ஆள் வந்து டயர் மாற்றுவது, பேட்டரிக்கு உயிர் கொடுப்பது, கட்டி இழுத்துப் போவது எல்லாம் அதில் அடங்கும். ஓரமா நடுவா என்பது அங்கே பொருட்டே இல்லை.

அகராதியில் முதலில் கிடைத்த பொருளையே எல்லா இடத்திலும் போட்டதால்தான் சிக்கல் என்று நினைக்கிறேன். ‘ரோட்சைடு’ என்ற சொல் சில இடங்களில் இடத்தைக் குறிக்கும், சில இடங்களில் பயணத்தின் நடுவே நடப்பதைக் குறிக்கும்.

சோதித்துப் பாருங்கள்: ‘சாலையின் ஓரத்தில் இருக்கிற’ என்று விரித்துப் படியுங்கள். பொருள் நின்றால் சாலையோர மரம், சாலையோரக் கடை, சாலையோரப் பூ எல்லாம் சரி. (க, ச, த, ப முன்னால் ஒற்று மிகும், விட்டுவிடாதீர்கள்.) ‘ரோட்சைடு பாம்’ என்றால் ‘சாலையோரம் புதைத்து வைத்த குண்டு’ என்று விரித்தே எழுதுவேன், தெளிவு முக்கியம். ஓட்டுநரை மறித்துச் செய்யும் ‘ரோட்சைடு’ மதுச் சோதனைக்கு ‘வண்டியை நிறுத்திச் செய்யும் சோதனை’ போதும்.

ஒன்று மட்டும் கவனம்: நீங்கள் மொழிபெயர்க்கும் ஒப்பந்தத்தின் தமிழ் வடிவத்தில் ஏற்கெனவே ஒரு சொல்லை வரையறுத்திருந்தால், அது பிடிக்காவிட்டாலும் அதையே கடைசிவரை பயன்படுத்துங்கள்.