குடியை விட்டவர்களின் கூட்டத்தில் எனக்கு இடம் உண்டா?

கேள்வி: என் வயது 43. ஓராண்டில் மூன்று முறை குடியை நிறுத்தி, மூன்று முறையும் மறுபடி தொடங்கிவிட்டேன். மாத்திரைகளுடன், குடியிலிருந்து மீண்டவர்கள் நடத்தும் கூட்டங்களுக்கும் போகும்படி மருத்துவர் சொன்னார். ஒரு நாள் போனேன். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் திரும்பிவிட்டேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. அவர்களோ பிரார்த்தனையுடன் முடித்தார்கள். தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்ற அச்சமும் இருக்கிறது. எனக்கு ஏற்ற கூட்டத்தை எப்படித் தேடுவது?

பதில்: பேசாமல் திரும்பியதை நீங்கள் ஒரு தோல்வியைப் போல எழுதியிருக்கிறீர்கள். வாசல் வரை போய் உள்ளே நுழைய முடியாமல் வந்துவிட்டவர்கள் பலரை நான் சந்தித்திருக்கிறேன். நீங்கள் உள்ளே சென்று இறுதிவரை இருந்திருக்கிறீர்கள். புதிதாக வருபவர் பேசியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எந்த நல்ல குழுவிலும் இல்லை. "இன்று கேட்க மட்டும் வந்திருக்கிறேன்" என்றால் போதும்.

இத்தகைய கூட்டங்களை நடத்தும் அமைப்பான, ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தொடங்கிய விதத்தை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். சில மாதங்களாகக் குடிக்காமல் இருந்த பில் வில்சன் என்பவர், 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்குத் தொழில் நிமித்தமாகச் சென்று, அந்த முயற்சி கைகூடாமல் போனபோது, மீண்டும் குடித்துவிடுவோமோ என்று அஞ்சி, தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியிடம் பேச வேண்டும் என்று தேடினார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித். அறிவுரை சொல்பவரை அல்லாமல், அதே வேட்கையை அனுபவித்தவரைத் தேடிப் போன அந்தத் தேடல்தான் இன்று உங்களுக்கும் தேவைப்படுகிறது. ஆகவே ஒரு கூட்டத்தை எடைபோடும்போது, குடிக்கத் தோன்றும் மாலை நேரத்தில் கூச்சமின்றித் தொலைபேசியில் அழைக்கக்கூடிய ஒருவராவது அங்கே கிடைப்பாரா என்பதையே முதலில் பாருங்கள்.

அது ஒரே நாளில் தெரிந்துவிடாது. ஒவ்வொரு குழுவுக்கும் தனிக் குணம் உண்டு. ஒரே குழுவும் எல்லா நாளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. குறைந்தது நான்கைந்து வெவ்வேறு கூட்டங்களுக்காவது போன பிறகே முடிவு செய்யுங்கள். உங்கள் மருத்துவரிடமும், குடிநோய் சிகிச்சை மையங்களின் சமூகப் பணியாளர்களிடமும் விசாரியுங்கள். ஏ.ஏ. போன்ற அமைப்புகளின் உதவி எண்களிலும் இணையதளங்களிலும் கூட்ட நேரங்கள் கிடைக்கும். திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம். மூடியது, குடியை நிறுத்த விரும்புபவர்களுக்கு மட்டுமானது. நீங்கள் வழக்கமாகக் குடிக்கும் நேரத்தில் நடக்கும் கூட்டமாக இருந்தால், அந்த ஆபத்தான மணிநேரமும் கழிந்துவிடும்.

தெரிந்தவர் யாராவது மூடிய கூட்டத்தில் உங்களைக் கண்டால், அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருப்பார். இருந்தாலும், பெயரை வெளியிடாமை என்பது நம்பிக்கையின் பேரில் காக்கப்படும் மரபு. சட்டம் தரும் பாதுகாப்பு அன்று. நம்பிக்கை வளரும்வரை அலுவலக விவரங்களையும் வழக்கு விவகாரங்களையும் அங்கே பேச வேண்டாம். வெளியூர்க் குழுவுக்கோ, காமிராவை அணைத்துவிட்டு இணையவழிக் கூட்டத்துக்கோ போகலாம்.

கடவுள் நம்பிக்கையைப் பொறுத்தவரை, ஏ.ஏ.யில் சேர ஒரே தகுதி குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம்தான்; கட்டணமும் கிடையாது. குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்த வழிமுறையான பன்னிரண்டு படிகளில் வரும் "மேலான சக்தி"யை, அந்தக் குழுவே என்று பொருள்கொண்டு பல ஆண்டுகள் குடிக்காமல் வாழும் நாத்திகர்கள் இருக்கிறார்கள். அதுவும் ஒத்துவராவிட்டால், 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி என்ற அமைப்பு, சமயச் சார்பின்றி, சிந்தனையையும் நடத்தையையும் மாற்றும் பயிற்சிகளை அடிப்படையாகக் கொண்டு இயங்குகிறது.

இரண்டு எச்சரிக்கைகள். மாத்திரை சாப்பிடுபவர் உண்மையில் மீண்டவர் ஆகமாட்டார் என்று கூட்டத்தில் யாராவது சொன்னால், அதைப் பொருட்படுத்தாதீர்கள். மருந்து மருத்துவரின் பொறுப்பு. அடுத்தது இதைவிட முக்கியமானது. தினமும் அதிகமாகக் குடித்து வந்தவர் திடீரென்று நிறுத்தினால், முதல் சில நாட்களில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கி, வலிப்பும் மனக்குழப்பமும்கூட வரக்கூடும். அது உயிருக்கே ஆபத்தாகலாம். மீண்டும் குடித்துவிட்டு நிறுத்த நேர்ந்தால், கூட்டத்துக்கு முன் மருத்துவரிடம் செல்லுங்கள். அதன் பிறகு, அந்தக் கூட்டத்துக்கே திரும்பிச் சென்று, நடந்ததைச் சொல்லுங்கள். அங்கிருப்பவர்களில் பலர் அதே வழியாக வந்தவர்கள்.

கேள்வி: என் கணவர் எந்தக் கூட்டத்துக்கும் வர மறுக்கிறார். அவருக்குத் தெரியாமல் உணவில் மாத்திரை கலந்து கொடுக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அவர்கள் சொல்வது டைசல்ஃபிராம் மாத்திரையாக இருக்கலாம். அதை உட்கொண்டவர் மதுவைத் தொட்டால் வாந்தியும் படபடப்பும் ஏற்படும். இரத்த அழுத்தம் அபாயகரமாகக் குறையக்கூடும். முழு விவரமும் தெரிந்து, தானே சம்மதித்தவருக்கு மட்டுமே, மருத்துவரின் கண்காணிப்பில் அதைக் கொடுக்க வேண்டும்.

அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம், அம்மா. குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்காக 1951-இலிருந்து அல்-அனான் என்ற தனி அமைப்பு இயங்கி வருகிறது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அதன் கிளையாக அலட்டீன் இருக்கிறது. கணவர் குடியை நிறுத்தும்வரை காத்திருக்காமல், இந்த வாரமே ஒரு கூட்டத்தை விசாரியுங்கள். குடித்த நாட்களில் அவர் உங்களையோ பிள்ளைகளையோ அடிப்பவராக இருந்தால், கூட்டத்துக்கும் முன்பாக, இரவில் உடனே போய்த் தங்கக்கூடிய ஒரு பாதுகாப்பான வீட்டை முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.