கலம் நகர்கிறது, மீனா நகரவில்லை

உங்கள் விண்கலத் தொடர்கதை ஆறு அத்தியாயத்திலேயே இழுவையாகிவிட்டது, பொறியாளர் மீனா மனதில் ஒட்டவில்லை என்று வாசகர்கள் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். தண்ணீரை மின்னாற்பகுத்து ஆக்சிஜன் எடுக்கும் கருவியை நீங்கள் பக்கம் பக்கமாக விளக்குகிறீர்கள். அதை வைத்து அவள் எதையும் தீர்மானிப்பதில்லை. மூன்றாம் அத்தியாயத்திலேயே கருவி பழுதாகட்டும். யார் அறைக்குக் காற்றைக் குறைப்பது என்று அவளே முடிவெடுக்கட்டும். தேவையான விளக்கம் அந்தப் பதற்றத்துக்குள்ளேயே வந்துவிடும். விளைவை உடனே காட்டிவிடாதீர்கள்; பாதிக்கப்பட்டவர் இரண்டு அத்தியாயம் கழித்து அவளிடம் பேச மறுக்கலாம். அம்மாவின் குரல் பதிவை அவள் கேட்காமலே அழிக்கும் இடம் அருமை, அதில் கை வைக்காதீர்கள். அப்புறம், நான்காம் அத்தியாயத்துச் சுழல் ஈர்ப்பு (கலத்தைச் சுழற்றி ஈர்ப்பு போன்ற விசையை உண்டாக்குவது) விளக்கத்தைத் தயங்காமல் வெட்டலாம், கதை அதை எங்கும் பயன்படுத்தவில்லை.