எமோஜி, ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

மார்த்தாண்டம் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் வாட்ஸப்பில் எதைக் கேட்டாலும் எமோஜியில்தான் பதில் போடுகிறார்கள். ஒரு முழு வாக்கியம் வருவதில்லை. தமிழ் கெட்டுவிடாதா? உங்கள் கட்டுரைகளிலும் எமோஜி பார்த்ததில்லையே?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் தினமும் எமோஜி அனுப்புகிறவன்தான் நான். நம்மூரில் 'எல மக்கா' என்றால் அது கொஞ்சலா கோபமா என்று குரலை வைத்துத்தான் சொல்ல முடியும். டைப் செய்தால் குரல் போய்விடுகிறது. 1982-இல் ஸ்காட் ஃபால்மன் என்ற அமெரிக்கக் கணினிப் பேராசிரியர் முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துச் சிரிப்பு முகம் போடச் சொன்னதும், வேடிக்கையாக எழுதியதை ஆட்கள் வினையாக எடுத்துக்கொண்டதால்தான்.

ஜப்பானிய மொழியில் 'எ' என்றால் படம், 'மோஜி' என்றால் எழுத்து. கணினியில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொதுப் பட்டியலான யூனிகோடு, 2010-இல் நூற்றுக்கணக்கான எமோஜிகளைச் சேர்த்துக்கொண்டது. நம்முடைய 'அ'வுக்கு இருப்பதுபோல ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும் பெயரும் உண்டு. அந்தப் பெயர் எங்கே கேட்கும் தெரியுமா?

தக்கலையில் எனக்கொரு நண்பர், பார்வையில்லாதவர். வந்த செய்திகளை ஃபோன் அவருக்கு வாசித்துச் சொல்லும். அவருடைய மாமா இறந்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன். குடும்ப குரூப்பை ஃபோன் வாசித்தது. 'ஃபோல்டட் ஹேண்ட்ஸ்', அதாவது கூப்பிய கைகள். மறுபடியும் 'ஃபோல்டட் ஹேண்ட்ஸ்.' அப்புறம், அதே குரலில், 'ஃபேஸ் வித் டியர்ஸ் ஆஃப் ஜாய்.' கண்ணீர் இருக்கிறதே, அழுகிற முகம்தான் என்று நினைத்து யாரோ பெரியவர் போட்டிருக்கிறார். கண்ணால் பார்த்தவர்கள் அவர் மனதைப் புரிந்துகொண்டு கடந்திருப்பார்கள். நண்பர் காதில் விழுந்தது ஆனந்தக் கண்ணீர். விரலை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அன்றிலிருந்து, சொல்ல வேண்டியதை முதலில் தமிழில் எழுதிவிடுகிறேன். எமோஜி வேண்டுமென்றால் கடைசியில் ஒன்று. சாவுச் செய்திக்கு அதுவும் கிடையாது. 'வருத்தமா இருக்கு, நாளைக்கு வாறேன்' என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? கட்டுரை முகம் தெரியாதவர்களுக்குப் போவது. அங்கே தொனியை வாக்கியமே கொண்டுவர வேண்டும் என்பது என் பிடிவாதம்.

பிள்ளைகளைத் திட்டாதீர்கள் டீச்சர். அவர்கள் அனுப்பும் அந்தக் கட்டைவிரலையே கரும்பலகையில் வரைந்து, அதை வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். 'சரி டீச்சர்', 'பார்த்துட்டேன்', 'இப்போ பேச நேரமில்லை' எல்லாம் அதற்குள் இருக்கிறது. எத்தனை வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.